கேக் மேல் சர்க்கரைக் கண்ணாடி: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரு தொடக்கப் பாடம்

கற்கண்டும், கேக்கின் மேல் கண்ணாடிச் சில்லாக நிற்கும் அலங்காரமும் ஒரே சரக்குதான். இரண்டும் சர்க்கரை, இரண்டிலும் வெளிச்சம் ஊடுருவும். ஆனால் கற்கண்டை டப்பாவில் போட்டு மாதக்கணக்கில் வைக்கலாம், அப்படியே இருக்கும். சர்க்கரைக் கண்ணாடியை ஒரு மழைக்கால இரவில் திறந்து வைத்தால், காலையில் தட்டோடு ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடக்கும். கற்கண்டை உடைத்தால் தட்டையான முகங்களும் நேரான விளிம்புகளும் தெரியும். இதை உடைத்தால் வளைந்த, கூரான சில்லுகள் கிடைக்கும். ஒரே சர்க்கரை ஏன் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது என்பது புரிந்துவிட்டால், அளவுகளையும் டிகிரிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செய்முறைக்குப் போகும் முன் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

படிகமும் கண்ணாடியும்

செங்கல்லை வரிசையாக அடுக்கி எழுப்பிய சுவரையும், லாரியிலிருந்து கொட்டிய செங்கல் குவியலையும் நினைத்துக்கொள்ளுங்கள். கல் ஒன்றுதான், இருக்கும் விதம் வேறு. சர்க்கரையின் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டால் அது படிகம். நாம் டீயில் போடும் சர்க்கரையின் ஒவ்வொரு மணியும் ஒரு படிகம். கெட்டிப் பாகை அசைக்காமல் நாள்கணக்கில் வைத்து, அதில் தொங்கும் நூலைப் பிடித்து மெல்ல வளரவிட்ட பெரிய படிகம் கற்கண்டு. அடுக்கிக்கொள்ள நேரமே கொடுக்காமல் பாகை இறுக வைத்துவிட்டால், மூலக்கூறுகள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அந்தக் குவியல்தான் கண்ணாடி.

படிகம் என்றாலே வெளிச்சம் போகாது என்று அர்த்தம் இல்லை. ஒற்றைக் கற்கண்டு தெளிவாகவே இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான பொடிப் படிகங்கள் சேர்ந்து இருக்கும்போது ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிச்சம் சிதறுகிறது, நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சர்க்கரையின் வெள்ளை நிறமே அப்படி வந்ததுதான். காற்றுக் குமிழியும் இதே வேலையைச் செய்யும். திருவிழாக்களில் மூங்கில் கம்பில் சுற்றிக் கொண்டுவந்து, இழுத்துப் பிடித்துக் குழந்தைகளின் கையில் வாட்ச்சாகக் கட்டிவிடுவார்களே, அந்த ஜவ்வு மிட்டாயும் காய்ச்சிய சர்க்கரைதான். இழுத்து இழுத்து மடிக்கும்போது காற்று உள்ளே அடைபடுவதால் அதில் வெளிச்சம் ஊடுருவுவதில்லை. பஞ்சு மிட்டாயின் ஒவ்வொரு இழையும் மெல்லிய சர்க்கரைக் கண்ணாடி. நடுவில் இருக்கும் காற்றுதான் அதைப் பஞ்சாகக் காட்டுகிறது.

ஆக, தெளிவு வேண்டுமானால் படிகம் விழக் கூடாது, குமிழி தங்கக் கூடாது, தூசி சேரக் கூடாது, நிறம் ஏறக் கூடாது. இனி வரும் எல்லா யோசனைகளும் இந்த நான்கில் ஒன்றைத் தடுப்பதற்காகத்தான்.

பாகில் டிகிரி எதைக் காட்டுகிறது

நம் வீடுகளில் பதத்தை விரலால் பார்ப்பார்கள். ஒற்றைக் கம்பி, இரட்டைக் கம்பி, தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதம், அப்புறம் கடலை உருண்டைக்கு, தண்ணீரில் விட்டு எடுத்த பாகைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்கும் பதம். தெர்மாமீட்டரும் அதையேதான் எண்ணாகச் சொல்கிறது.

வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், வற்றும் வரை அதிலேயே நிற்கும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அப்படி நிற்பதில்லை. தண்ணீர் ஆவியாகிச் சர்க்கரையின் பங்கு கூடக் கூட, கொதிக்கும் வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகும். அதனால் கொதிக்கும் பாகின் வெப்பநிலையைப் பார்த்தாலே, அதில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று தெரிந்துவிடும். 110 டிகிரி அளவில் கம்பிப் பதம், அப்போது ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கும். 115-ஐ ஒட்டி மிருதுவான உருண்டைப் பதம், தண்ணீர் 15 சதவீதம். 121 முதல் 130 வரை கெட்டி உருண்டை, 8 சதவீதம். 132 முதல் 143 வரை ஆறிய பாகு உடையத்தான் செய்யும், ஆனால் உடையும் முன் வளையும், பல்லில் ஒட்டும். அதில் 5 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. 149 முதல் 154-க்குள் தண்ணீர் ஏறக்குறைய 1 சதவீதத்துக்கு வந்துவிடும். அப்போது பாகு ஆறினால் வளையாமல் படக்கென்று முறியும். நமக்கு வேண்டிய பதம் இதுதான். 160-ஐத் தொட்டால் மஞ்சளேறும், 170-ல் பொன்னிறக் கேரமல் ஆகிவிடும். கேரமலும் கண்ணாடிதான், ருசியும் அதற்குத்தான் அதிகம், ஆனால் நிறமில்லாத தெளிவு அதில் கிடைக்காது.

முதல் முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வேகத்தில்தான். 105-லிருந்து 115 வரை தெர்மாமீட்டர் நகரவே நகராது. நிறையத் தண்ணீர் போக வேண்டியிருக்கிறது, அடுப்பின் சூடெல்லாம் அதற்கே செலவாகிறது. அடுப்பு சரியில்லையோ என்றுகூடத் தோன்றும். 130-ஐத் தாண்டியதும் போவதற்குத் தண்ணீரே அதிகம் இல்லை. பிறகு எண்கள் ஓட ஆரம்பிக்கும். கடைசிப் பத்து டிகிரி ஏறும் நேரத்தில் காலிங் பெல் அடித்தாலும் போகாதீர்கள்.

மலையில் எண்கள் மாறும்

மேலே சொன்ன டிகிரிகள் கடல்மட்டத்துக்கு உரியவை. சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலையும் இறங்குகிறது. சேலத்தில் தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும். ஏற்காட்டில் 95-லேயே கொதித்துவிடும். பருப்பு வேக அங்கே கூடுதல் நேரம் ஆவதும் இதனால்தான்.

பாகும் தண்ணீரைக் கொதிக்கவிட்டே வற்றுகிறது என்பதால், அதன் எண்களும் சேர்ந்தே இறங்கும். சேலத்தில் 149 அல்லது 150-ல் கிடைக்கும் பதம் ஏற்காட்டில் 145-லேயே வந்துவிடும், சில சமயம் ஒரு டிகிரி முன்னாலும் வரும். புத்தகத்தில் 150 என்று இருக்கிறதே என்று மலைமேல் காத்திருந்தால், வேண்டிய அளவுக்கு மேல் வற்றவைத்து நிறம் ஏறும் பக்கமாகப் பாகைத் தள்ளிக்கொண்டிருப்போம்.

எந்த ஊரில் இருந்தாலும் இதற்கு ஒரே வழி. பாகு வைக்கும் நாளில் முதலில் வெறும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அதில் தெர்மாமீட்டரை வையுங்கள். 100-க்கு எத்தனை டிகிரி குறைவாகக் காட்டுகிறதோ, செய்முறையில் உள்ள எண்ணிலிருந்து அத்தனையைக் கழித்துக்கொள்ளுங்கள். உயரத்தால் வந்த குறைவும், தெர்மாமீட்டரிலேயே இருக்கும் கோளாறும் இரண்டும் சேர்ந்து இதில் சரியாகிவிடும்.

மலைக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு, இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. சர்க்கரை மஞ்சளாவது அது எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு நேரம் சூட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குறைந்த சூட்டிலேயே தண்ணீர் போய்விட்டால் நிறம் ஏறும் வாய்ப்பும் குறைகிறது. மிட்டாய் ஆலைகளில் மூடிய கலனிலிருந்து காற்றை உறிஞ்சி, அழுத்தத்தைக் குறைத்துப் பாகு காய்ச்சுவது இதற்காகத்தான். ஏற்காட்டுச் சமையலறையில் அந்த வசதி சிறிய அளவில் இயற்கையாகவே இருக்கிறது. தெளிந்த பாகு காய்ச்சுவதற்கு மலை நல்ல இடம். ஆனால் காய்ச்சியதைப் பாதுகாக்க அது நல்ல இடமில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

சாமான்கள்

250 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், 50 கிராம் லிக்விட் குளுக்கோஸ். இரண்டு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மெல்லிய தகடு ஊற்ற இது போதும். ஒரு கேக்குக்கு இதில் பாதியே தாராளம், ஆனால் குறைவான பாகில் தெர்மாமீட்டரின் முனை சரியாக முங்காது. அதனால் அளவைக் குறைக்க வேண்டாம் என்பேன்.

லிக்விட் குளுக்கோஸ் பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் டப்பாவில் கிடைக்கும். மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பாகு இது. பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து எடுப்பார்கள், நம் ஊரில் ஜவ்வரிசிக்கு அரைக்கும் குச்சிக் கிழங்கின் மாவிலிருந்தும் எடுக்கலாம். இனிப்புக்காக இதைச் சேர்ப்பதில்லை. ஒரே அளவுக் கல் இருந்தால் சுவர் எழுப்பலாம். அரைக்கல்லும் கோணல்கல்லும் நடுவே கலந்துவிட்டால் அடுக்கு நிற்காது. வேறு வடிவ மூலக்கூறுகளைக் கலந்துவிட்டுச் சர்க்கரை அடுக்கிக்கொள்ளாமல் தடுக்கிறது குளுக்கோஸ். கையை நனைத்துக்கொண்டு எடுத்தால் விரலில் ஒட்டாது.

குளுக்கோஸ் கிடைக்கவில்லை என்றால் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. ஜாங்கிரி, பாதுஷா பாகு பூத்துப் போகாமல் இருக்கச் சமையல்காரர்கள் நாலு சொட்டு எலுமிச்சை பிழிவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் புளிப்பு, சர்க்கரையில் ஒரு பகுதியை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடுகிறது. அதாவது கோணல்கல்லைப் பாகே தனக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் எவ்வளவு பிரியும் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. சாறு ஒரு சொட்டு கூடினாலும் கொதிக்கும் நேரம் நீண்டாலும் ஃபிரக்டோஸ் அதிகமாகிவிடும், அது காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும், நிறமும் சீக்கிரம் ஏறும். க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற பொடியும் ஒரு சிட்டிகை போட்டால் இதே வேலையைச் செய்யும். மூன்றில் லிக்விட் குளுக்கோஸைத்தான் நான் சொல்வேன்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். போர்வெல் உப்புத் தண்ணீரில் இருக்கும் தாதுக்கள் பாகைக் கலங்கலாக்கும், பழுப்பும் ஏற்றும். கேன் தண்ணீர் போதும். சர்க்கரையில் நார், தூசி தெரிந்தால் கரைந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். லட்டுக்குப் பாகு வைக்கும்போது அழுக்கு எடுக்க ஒரு கரண்டி பால் விடுவது வழக்கம், இங்கே அது கூடாது. நுரையோடு பால் முழுவதும் வெளியே வந்துவிடாது, மிச்சம் இருப்பது இவ்வளவு சூட்டில் பழுப்பாகிவிடும். ஐசிங் சர்க்கரையும் வேண்டாம், அதில் கட்டி தட்டாமல் இருக்க சோள மாவு கலந்திருப்பார்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எதிலும் தெளிவான கண்ணாடி வராது. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் எவ்வளவு வெளுப்பான வெல்லம் பார்த்து வாங்கினாலும், அதிலுள்ள கரும்புச் சத்துகளும் தாதுக்களும் பாகை இருட்டாக்கிவிடும்.

பாத்திரம் அடி கனமான எவர்சில்வராக, அகலம் குறைந்ததாக இருக்கட்டும். உள்பக்கம் கறுப்பாக இருந்தால் நிறம் மாறுவது தெரியாது. தெர்மாமீட்டர் 200 டிகிரி வரை காட்டும், பாகில் முங்கும் வகை வேண்டும். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் கருவி மேல்பரப்பின் சூட்டை மட்டுமே சொல்லும், அதை நம்ப வேண்டாம்.

ஊற்றுவதற்கு சிலிகான் விரிப்பு இருந்தால் நல்லது. கடைகளில் பட்டர் பேப்பர் என்று கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. சிலிகான் பூசிய பேக்கிங் பேப்பர்தான் இந்தச் சூட்டைத் தாங்கும். மெழுகு பூசியது உருகிப் பாகோடு கலந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் கனமான எவர்சில்வர் தட்டின் பின்பக்கத்தில் வாசனையில்லாத எண்ணெயை மெல்லத் தடவிக்கொள்ளலாம். சாக்லேட்டுக்கு விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் அச்சுகளில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

காய்ச்சுதல்

ஒரு கிண்ணம் நிறையக் குளிர்ந்த தண்ணீரை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். துப்பட்டா, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், குழந்தைகளைச் சமையலறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். 150 டிகிரிப் பாகு கொதிதண்ணீரைவிட மோசமானது. தண்ணீர் பட்டால் வழிந்து போய்விடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். பட்டுவிட்டால் உடனே குழாயடியில் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஒட்டிய பாகைப் பிய்த்து எடுக்கக் கூடாது. ஐஸ், பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. கொப்பளம் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

தண்ணீரை முதலில் ஊற்றி, சர்க்கரையை நடுவில் கொட்டி, சிறு தீயில் கலக்குங்கள். கொதி வருவதற்கு முன் ஒரு மணி சர்க்கரை மிச்சமில்லாமல் கரைந்திருக்க வேண்டும். அவசரப்படக் கூடாத ஒரே இடம் இதுதான். கரையாத ஒரு மணி போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தப் பாகும் பூத்துவிடும். கரைந்ததும் குளுக்கோஸைச் சேர்த்து ஒருமுறை கலக்கிவிட்டுக் கரண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். கொதி வந்த பிறகு கலக்கவே கூடாது. கலக்குவது, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் படிகம் பிடிக்க நாமே உதவுவது போலத்தான்.

கொதிக்கும்போது பாத்திரத்தின் உள்பக்கச் சுவரில் பாகு தெறித்துக் காய்ந்து வெள்ளையாக ஒட்டும். அதுவும் படிகம்தான், உள்ளே விழுந்தால் வேலை கெட்டுவிடும். பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துச் சுவரைக் கழுவி விடுங்கள். பிரஷ் இல்லையென்றால் கொதி வந்ததும் இரண்டு நிமிடம் மூடி வைத்தால் போதும், ஆவியே கழுவிவிடும்.

இனி தீயைக் கூட்டலாம். நிறம் ஏறாமல் இருக்கச் சிறு தீயில் காய்ச்ச வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. சிறு தீயில் பாகு வெகுநேரம் சூட்டில் கிடக்கும், அந்த நேரமே அதை மஞ்சளாக்கும். கரைந்த பிறகு நல்ல தீயில் விரைவாக வற்றவைப்பதுதான் தெளிவுக்கு வழி. தீ பாத்திரத்தின் அடிக்குள் அடங்கியிருந்தால் சரி, பக்கத்தில் ஏறினால் ஓரத்தில் கருகும்.

தெர்மாமீட்டரின் முனை அடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 140 வந்ததும் தீயைக் கொஞ்சம் குறைத்து, சேலத்தில் 149, ஏற்காட்டில் 145 வந்தவுடன் இறக்கிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்து முறித்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும், படக்கென்று முறிந்தால் சரி. தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் கடைசித் தீர்ப்பு இந்தச் சொட்டுக்குத்தான்.

இறக்கிய பிறகும் பாத்திரத்தின் சூட்டில் பாகு இன்னும் சில டிகிரி ஏறும். அடிப்பக்கத்தை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் ஐந்து நொடி வைத்து எடுத்தால் நின்றுவிடும். பாகுக்குள் தண்ணீர் தெறிக்கக் கூடாது. பிறகு ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள், குமிழிகள் மேலே வந்து உடையட்டும். பரபரவென்று உடனே ஊற்றினால் அத்தனை குமிழியும் தகட்டில் உறைந்து நிற்கும்.

ஊற்றும்போது பாத்திரத்தைத் தாழப் பிடித்து மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். ஓரத்தில் மிச்சமிருப்பதைச் சுரண்டிப் போட வேண்டாம், படிகம் இருந்தால் அங்கேதான் இருக்கும். முதல் முறைக்கு அச்சு, வளைவு, பூ எதற்கும் போகாமல் ஒரு தகடு ஊற்றிச் சில்லுகளாக உடைத்துக் குத்துவதே போதும் என்பது என் எண்ணம். அரை மணி நேரத்தில் ஆறிவிடும், கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டினால் உடையும். ஒரே அளவில் உடையாமல் இருப்பதுதான் அழகு. கை பழகிய பிறகு, தகடு இன்னும் இளக்கமாக இருக்கும்போதே விரிப்போடு தூக்கி ஒரு டம்ளரின் மேல் சாய்த்து வைத்துப் படகுப் பாய் மாதிரி வளைக்கலாம். ஊற்றிய தகட்டின் மேல் காய்ந்த ரோஜா இதழைத் தூவலாம். இதழில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. கரண்டி நுனியிலிருந்து ஓடவிட்டு வளையங்களும் எழுத்துகளும் போடலாம். சில்லுகளின் ஓரம் நிஜக் கண்ணாடி அளவுக்குக் கூரானவை. குழந்தைகள் சாப்பிடும் கேக்கில் வட்டங்களாகவே ஊற்றிவிடுங்கள், ஓரம் தானாகவே மழுங்கலாக அமையும்.

நிறம் வேண்டுமானால் இறக்கிய பிறகு ஒரு சொட்டு ஜெல் கலர் விட்டுப் பாத்திரத்தை லேசாகச் சுழற்றினால் பரவும். நீர்த்த கலர் விட்டால் ஆவி பொங்கித் தெறிக்கும். உணவுக்கு அனுமதித்தது என்று டப்பாவில் அச்சிட்ட கலரை மட்டும் வாங்குங்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது, துணிச் சாயமான ரோடமின்-பி அதில் கலந்திருந்ததால்தான். உதிரியாகப் பொட்டலம் கட்டி விற்கும் பொடிகளை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் தொடாதீர்கள்.

போன தண்ணீர் திரும்பி வரும்

சிரமப்பட்டு வெளியே அனுப்பிய தண்ணீரைச் சர்க்கரைக் கண்ணாடி திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரம் இருந்தால் முதலில் மேல்பரப்பு பிசுபிசுக்கும். பிறகு அந்த ஈரத்தில் மூலக்கூறுகளுக்கு நகர இடம் கிடைத்து, விட்ட இடத்திலிருந்து அடுக்கிக்கொள்ள ஆரம்பித்துவிடும், தகடு மங்கிப் பூத்துப் போகும். ஈரமே இல்லாத சர்க்கரைக் கண்ணாடி இளக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஒவ்வொரு சதவீதம் ஈரம் சேரும்போதும் அந்த எண் பல டிகிரி இறங்கும், குளுக்கோஸும் கொஞ்சம் இறக்கும். காய்ச்சும்போது 140-லேயே இறக்கிவிட்ட தகடு, மே மாதச் சேலத்துச் சமையலறையில் நிற்க முடியாமல் வளைந்து சாய்வது இதனால்தான். பதம் சரியாக இருந்தால் சேலத்துக் கோடை இந்த வேலைக்கு உகந்தது. வெயில் கடுமை என்றாலும் காற்று உலர்ந்திருக்கிறது.

ஏற்காட்டில் மழைக்காலம் முழுவதும் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்த நாள்களில் காய்ச்சி ஆறியதும் நேராகக் காற்றுப்புகாத டப்பாவுக்குள் போக வேண்டும். நடுவே பேக்கிங் பேப்பர் வைத்து அடுக்கி, உணவோடு வைக்கத் தகுந்த சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் அதன் மேல் தண்ணீர் வியர்த்துவிடும். கீழே சேலத்தில் கேக் செய்து மேலே கொண்டுபோகிறவர்கள், கேக்கை ஒரு பெட்டியிலும் சில்லுகளை ஒரு டப்பாவிலும் தனித்தனியாக எடுத்துப் போய், வெட்டுவதற்குச் சற்று முன் குத்தினால் போதும். வளைவுகளில் உடையும் பயமும் இருக்காது.

கேக்கின் கிரீமும் ஈரம்தான். விப்பிங் கிரீமில் குத்தி ஃப்ரிட்ஜில் வைத்த சில்லு, அடிப்பக்கத்திலிருந்து கரைந்து இறங்கும். கிரீமைத் தொடும் பகுதியில் மட்டும் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை மெல்லப் பூசிக் காயவிட்டால் அந்தக் கொழுப்பு ஈரத்தைத் தடுத்து நிறுத்தும். பட்டர் கிரீமில் தண்ணீர் குறைவு, சில்லு கூடுதல் நேரம் நிற்கும்.

மழைக்காலத்தில் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் ஐசோமால்ட் என்ற பொருளுக்கு மாறிவிடுகிறார்கள். சர்க்கரையிலிருந்தே செய்வது, ஆனால் காற்றின் ஈரத்தை எளிதில் இழுக்காது, 160 டிகிரியைத் தாண்டியும் பழுப்பாகாது, படிகமும் சீக்கிரம் விழாது. விலை பல மடங்கு, இனிப்பு பாதியளவுதான், அதிகமாகத் தின்றால் வயிறு இளகும். முதலில் சாதாரணச் சர்க்கரையில் கை பழகட்டும் என்றே சொல்வேன். தவறினாலும் கையைக் கடிக்காது, பாகு எப்படி நடந்துகொள்கிறது என்பதும் அதில்தான் தெரியவரும்.

பூத்துப் போன பாகையும் உடைந்த துண்டுகளையும் வீசிவிட வேண்டாம். மஞ்சளேறாத வரை தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி காய்ச்சலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் கூடும். அப்படியே கரைத்து பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் எலுமிச்சை ஜூஸுக்கு ஆகும். பாத்திரத்தில் இறுகி ஒட்டியதைச் சுரண்டாதீர்கள். தண்ணீர் நிரப்பி, கரண்டியையும் உள்ளே போட்டு, அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டால் எல்லாம் கரைந்துவிடும். தெர்மாமீட்டரை மட்டும் ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் தனியாகக் கழுவிக்கொள்ளுங்கள்.